காணி பாக்க ஆவணியில வாங்கோ

வரம்பில நிண்டு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் விரிச்சு வைச்சுப் பாத்தா முக்காவாசி ஒரே கதைதான். வன்னிக்கு (கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம்) வந்து தோட்டம் செய்யலாமோ, வன்னியை விட்டுப் போகலாமோ எண்டு. தென்னைக்கு வெள்ளை ஈ கேட்டவை, உர விலை கேட்டவை கோவிக்காதேங்கோ, அடுத்த மாசம் பாப்பம்.

கேள்வி: எனக்கு 38 வயசு. இணுவில்ல 12 பரப்பு செம்மண் காணி, அப்பா காலத்தில இருந்து வெங்காயம், புகையிலை, இப்ப பீட்றூட்டும் போடுறம். சுத்தவர உள்ள காணியெல்லாம் வீடாகிக்கொண்டு போகுது, எங்கடையையும் நல்ல விலைக்குக் கேக்கினம். இதை வித்தா விசுவமடுப் பக்கம் 5 ஏக்கர் வாங்கி மிச்சக் காசில ட்ரக்டரும் எடுக்கலாம் எண்டு புறோக்கர் ஒராள் சொல்லுறார். மனுசி பிள்ளையளின்ர படிப்பைச் சொல்லி வேண்டாம் எண்டுறா. நீங்கள் அங்கயே இருக்கிற ஆள், உள்ளதைச் சொல்லுங்கோ. (இணுவில் வாசகர்)

பதில்: தம்பி, புறோக்கர் உங்களுக்கு ஏக்கர்க் கணக்குச் சொல்லியிருக்கிறார், தண்ணிக் கணக்கு ஒண்டும் சொல்லேல்லைப் போல கிடக்கு. 12 பரப்பு எண்டா முக்கால் ஏக்கர், 5 ஏக்கர் எண்டா 80 பரப்பு, கேக்கேக்க ஆருக்கும் வாயூறும்தான். ஆனா உங்கட முக்கால் ஏக்கருக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு, வருசம் முழுக்க இறைக்கலாம், வெங்காயம் கிண்டி முடிய அடுத்ததுக்குப் பாத்தி கட்டுறீங்கள். வன்னியில கனஇடத்தில கீழ கருங்கல்லு, அதுக்கு மேல கிறவல், கிணத்தில தண்ணி நிக்கிறதும் நிக்காததும் அவரவர் அதிட்டம். ஒரு வளவில வத்தாத கிணறு இருக்கும், வேலிக்கு அங்கால வெட்டினவன் 30 அடி போயும் சேத்தோட நிண்டிருப்பான். இஞ்ச காணி வாங்கிறதெண்டு ஒண்டு இல்லை, தண்ணி வாங்கிறதுதான், காணி அதோட ஒட்டிக்கொண்டு வாறது.

எங்கட மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள்ள கொட்டி முடிஞ்சிடும், தை மாசியோட வானம் பொத்திப்போடும், பேந்து சித்திரையில ரெண்டு இடிமழை, வைகாசியில இருந்து சோளகம் தூக்கி அடிக்கும், மண்ணில மிஞ்சிக் கிடக்கிற ஈரத்தையும் துடைச்சுக்கொண்டு போகும். அதாலதான் சொல்லுறன், காணி பாக்கிறதெண்டா ஆவணியில வாங்கோ. தை மாசம் புறோக்கர் கூட்டிக்கொண்டு வந்து காட்டினா எல்லாம் பச்சையாத்தான் இருக்கும், கிணறு வாய்முட்ட நிக்கும், குளக்கட்டில நிண்டு போட்டோ எடுத்தா சுவிஸ் மாதிரி வரும். ஆவணியில வந்து கிணத்துக்க மோட்டரைப் போட்டு ஓடவிட்டிட்டுப் பக்கத்தில குந்தி இருங்கோ, மணிக்கூட்டைப் பாருங்கோ. எத்தினை நிமிசத்தில மோட்டர் காத்து இழுக்குது, நிப்பாட்டினாப் பிறகு எத்தினை மணித்தியாலத்தில திரும்ப ஊறுது, இந்த ரெண்டும்தான் அந்தக் காணியின்ர உண்மையான அளவு, உறுதியில எழுதிக்கிடக்கிற ஏக்கர் இல்லை. நான் ஒருக்கா இப்பிடிப் போய் இருந்தன், விக்கிற மனுசன் நல்ல பிளேன்ரீ ஊத்தித் தந்தவர், ரீ குடிச்சு முடிய முன்னம் மோட்டர் கரகரத்திட்டுது, அவரும் என்னைப் பாக்கேல்லை நானும் அவரைப் பாக்கேல்லை.

மார்கழியிலயும் ஒருக்கா வரவேணும். ஆவணியை மட்டும் பாத்திட்டு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு வருசம் நாலு ஏக்கர் மேட்டுக்காணி குத்தகைக்கு எடுத்துக் கச்சான் போட்டனான், கண்ணுக்கு மேடுதான், ஆனா அந்தக் காட்டுத் தண்ணி முழுக்க அந்த வளவைக் குறுக்கறுத்துத்தான் ஆத்துக்குப் போறதெண்டு மழை விழுந்தாப் பிறகுதான் விளங்கினது. தை முறையா வெயில் எறிக்க வேண்டிய நேரம் திரும்பவும் ஒரு மழை, செடியைப் பிடுங்கிப் பாத்தா கச்சான் கோதுக்குள்ளயே முளை விட்டு வெள்ளைக் கொம்பு நீட்டிக்கொண்டு நிக்குது. முறிகண்டியில பஸ் நிக்கேக்க வாங்கித் திண்டுகொண்டு போற கச்சானுக்குப் பின்னால உந்தக் கதையெல்லாம் இருக்கு.

வயல்காணி எண்டா வேற கணக்கு. இரணைமடு 1920 அளவில கட்டி முடிச்ச குளம், காலபோகத்தில (மாரி மழையோட விதைக்கிற போகம்) 20,000 ஏக்கருக்கு மேல அதை நம்பிக் கிடக்குது, சிறுபோகத்தில (வெயில் காலத்துப் போகம்) அவ்வளவுக்கும் தண்ணி காணாது. பயிர்ச்செய்கைக் கூட்டம் வைச்சு, குளத்தில எத்தினை அடி நிக்குதெண்டு பாத்து, இந்த முறை ஏக்கருக்கு இவ்வளவு பங்கு எண்டு பிரிப்பினம், எந்தத் திகதிக்கு விதைக்கிறது, 3 மாச நெல்லு பிஜி 300 ஓ மூண்டரை மாச பிஜி 352 ஓ, எப்ப வாய்க்கால் பூட்டிறது, எல்லாம் அங்க முடிவாகும். நீங்கள் 5 ஏக்கர் வாங்கினாலும் சிறுபோகத்தில ரெண்டு ஏக்கர் விதைக்கத்தான் பங்கு வரலாம், அதுவும் வேற ஒரு வாய்க்காலில வரலாம். அப்ப ஆரிட்டயும் கேட்டு மாறி விதைக்கவேணும், அதுக்கு ஆளைத் தெரிஞ்சிருக்கவேணும். இணுவில்ல உங்கட கிணறு உங்கட ராச்சியம், விடிய 4 மணிக்கு மோட்டரைப் போட்டா ஆரும் கேக்கேலாது. இஞ்ச தண்ணி எண்டிறது கூட்டாளியளோட செய்யிற யாவாரம்.

மண்ணையும் சொல்லவேணும். செம்மண்ணில மழை விட்டு மற்ற நாளே மண்வெட்டியோட இறங்குவியள். எங்கட செங்கபில மண் காஞ்சா கல்லு, நனைஞ்சா பசை, மண்வெட்டியில ஒட்டினதைக் காலால தட்டித் தட்டித்தான் அடுத்த வெட்டு, ரெண்டுக்கும் நடுவில உழவுக்குச் சரியான பதம் எண்டு ஒரு நாலஞ்சு நாள் வரும், அந்த நேரம் பாத்து ஊரில உள்ள அத்தினை பேருக்கும் உழவு மெசின் வேணும். அதனால ட்ரக்டர் வாங்கிற யோசனையில பிழை இல்லை, ஆனா காணிக்கு முதல் அது வேண்டாம்.

இனிப் பேப்பர். உறுதிக்காணியோ பெர்மிட் காணியோ எண்டு முதல் கேளுங்கோ. வன்னியில கன காணி 1935 காணி அபிவிருத்திச் சட்டத்தில அரசாங்கம் குடுத்த பெர்மிட், இல்லாட்டி அளிப்புப் பத்திரம், அதைப் பிரதேச செயலரின்ர சம்மதம் இல்லாமல் விக்கவும் ஏலாது குத்தகைக்குக் குடுக்கவும் ஏலாது. அற்றோணித் தத்துவம் எழுதித் தாறன், சத்தியக் கடதாசி தாறன் எண்டு புறோக்கர் சொன்னா எழும்பி வந்திடுங்கோ, காசு குடுத்த பிறகு உங்கட கையில மிஞ்சிறது அந்தக் கடதாசிதான். காட்டோரக் காணி எண்டா வன இலாகாக் கல்லு எங்க நட்டுக் கிடக்கெண்டும் பாருங்கோ, 30 வருசத்துக்கு முன்னம் வெட்டி விதைச்ச வயலையே இண்டைக்குக் காடு எண்டு வரைபடத்தில காட்டிற இடங்கள் இருக்கு.

எங்கட அப்பாவும் உரும்பிராயில இருந்து வந்த ஆள்தான். 1970க்குப் பிறகு சிறிமாவோ அரசாங்கம் மிளகாய் வெங்காய இறக்குமதியை மறிச்ச காலம், விசுவமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எண்டு பெடியளுக்குக் காணி குடுத்துக் குடியேத்தினவை, செத்தல் மிளகாய் வித்த காசில மோட்டச்சைக்கிளும் வந்தது, கலியாணமும் நடந்தது. 1977ல ஆட்சி மாறி இறக்குமதியைத் திறந்துவிட விலை விழுந்துது, அப்பா சாக்கில கட்டின செத்தலைத் திண்ணையில அடுக்கி வைச்சுக்கொண்டு விலை ஏறும் ஏறும் எண்டு அடுத்த மிளகாய் பழுக்குமட்டும் பாத்துக்கொண்டிருந்தவர், வீடு முழுக்க எல்லாருக்கும் தும்மல். காணியும் அதுதான், தண்ணியும் அதுதான், ஆளும் அதுதான், கொழும்பில ஒரு கையெழுத்து மாறினது. 2021ல அரசாங்கம் ரசாயன உரத்தை ஒரேயடியா நிப்பாட்டினபோதும் அதேதான் நடந்தது, நெல்லு வெளிறிப்போய் நிண்டதை நீங்களும் பாத்திருப்பியள். இது இணுவிலுக்கும் பொதுதான், ஆனா இணுவில்ல தோட்டம் பிழைச்சா பக்கத்தில ஒரு வேலை பாக்கலாம், விசுவமடுவில 5 ஏக்கரோட தனிய நிக்கேக்க அடி கொஞ்சம் பலமா விழும்.

மனுசி சொல்லுறதைத் தட்டாதேங்கோ. கிளிநொச்சி ரவுணில நல்ல பள்ளிக்கூடம் இருக்கு, பெரியாஸ்பத்திரி இருக்கு, அறிவியல் நகரில யாழ்ப்பாண யூனிவர்சிட்டியின்ர விவசாய பீடமே இருக்கு. ஆனா உள்ளுக்க போகப் போக ரீச்சர்மார் யாழ்ப்பாணத்தில இருந்து பஸ்ஸில வந்து போறவை, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு எந்த ரீச்சரின்ர கண்ணும் கரும்பலகையில இல்லை. அவையைக் குறை சொல்லேல்லை, நான் ரீச்சரா இருந்தாலும் அந்த பஸ்ஸைத்தான் பாப்பன்.

எல்லாம் பயமுறுத்திறமாதிரிக் கிடக்கோ? நன்மையும் இருக்கு தம்பி. இடம் தாராளம், ரெண்டு மாடு பத்து ஆடு அவிட்டுவிடலாம், எரு சொந்தமா வரும், உங்கட 12 பரப்பில கதைக்கவே ஏலாத உழுந்து, பயறு, கச்சான், எள்ளு எல்லாம் போடலாம், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனின்ர கை சுத்தத்தோட இஞ்ச நல்ல கிணறு ஒண்டு அமைஞ்சா அவனை ஆரும் பிடிக்கேலாது, அப்பிடி வந்து நிமிந்தவை எங்கட றோட்டிலயே நாலு குடும்பம் இருக்கு. ஆனா அந்த நாலு பேரும் முதல்ல வித்துப்போட்டு வந்தவை இல்லை. ஒரு காலபோகம் ஒண்டு ஒண்டரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, இஞ்சயே அறை எடுத்து இருந்து, வெள்ளத்தையும் பாத்து வெயிலையும் பாத்து, பேந்துதான் வாங்கினவை. உங்கட 12 பரப்பு எங்கயும் ஓடாது, விலையும் குறையப்போறதில்லை. புறோக்கர்தான் அவசரப்படுவார்.

இன்னொண்டு. வெளியில இருந்து வந்து குடியேறினவையை "வந்தான் வரத்தான்" எண்டு இஞ்ச ஒரு சொல்லு இருக்கு, உங்களுக்கும் சொல்லுவினம். அப்பா வந்து அரை நூற்றாண்டு போட்டுது, இடம்பெயர்ந்து முகாமிலயும் ஒண்டாக் கிடந்து 2010ல திரும்பி வந்து அதே வளவைத் துப்பரவாக்கின எங்களுக்கே கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில கோவம் வந்தா அந்தச் சொல்லு வரும். கேட்டிட்டுச் சிரிச்சுக்கொண்டு வாய்க்கால் துப்பரவாக்கிற சிரமதானத்துக்கு முதல் ஆளா மண்வெட்டியோட போய் நில்லுங்கோ, ரெண்டு போகத்தில அது தேஞ்சிடும்.

கேள்வி: நான் ரொறொன்ரோவில 27 வருசம். அடுத்த வருசம் ரிட்டயர் ஆகிறன். மாங்குளம் பக்கம் 10 ஏக்கர் எடுத்துத் தென்னையும் பப்பாசியும் வைச்சு அமைதியா இருக்க ஆசை. தம்பியின்ர மகன்ர பேரில வாங்கலாமெண்டு நினைக்கிறன், சரிவருமோ? (கனடா வாசகர்)

பதில்: அண்ணை, உங்களிட்ட கனடாப் பாஸ்போட் மட்டும்தான் இருக்கெண்டா 2014ம் ஆண்டுச் சட்டப்படி உங்கட பேரில இஞ்ச காணி வாங்கேலாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தா வாங்கலாம், தாய் தேப்பனின்ர முதுசம் வாறதெண்டாலும் பிரச்சினை இல்லை. அதனால முதல் வேலை கொழும்பில இரட்டைக் குடியுரிமை அலுவல், ரெண்டாவதுதான் மாங்குளம். பெறாமகனின்ர பேரில வாங்கிறதைப் பற்றி நான் என்ன சொல்ல, பெடியன் நல்லவனா இருப்பான், அவன் கட்டப்போற பிள்ளையும் அந்தப் பிள்ளையின்ர தமையன்மாரும் எப்பிடி எண்டு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

பப்பாசி ஒம்பது பத்து மாசத்தில காய் தரும், தண்ணி தேங்கினா ரெண்டு நாளில வேர் அழுகி நிண்டபடி சாகும். தென்னை ஆறேழு வருசம் கேக்கும், அதுக்கிடையில சின்னத் தென்னங்கண்டுகள் யானைக்குப் பலகாரம். அமைதி எண்டு எழுதியிருக்கிறியள், 10 ஏக்கரில அமைதி இல்லை அண்ணை, விடிய எழும்பினா வேலியில எந்த இடம் விழுந்து கிடக்கெண்டு பாக்கிறதுதான் முதல் வேலை. 2 ஏக்கர், ரவுணுக்குக் கிட்ட, வத்தாத கிணறு ஒண்டு, அதோட நில்லுங்கோ. கமராப் பூட்டிப்போட்டுக் கனடாவில இருந்து பாக்கலாம் எண்டு மட்டும் நினைக்காதேங்கோ, மாடு உங்கட பப்பாசியைத் திண்டிறதை நல்ல கிளியரா, கலரில பாப்பியள், அவ்வளவுதான்.

கேள்வி: மரவள்ளிக்குப் பன்றி வருது. வேலிக் கம்பியில கரண்ட் குடுக்கலாமோ? (வள்ளிபுனம்)

பதில்: குடுக்காதேங்கோ. வீட்டு லைன் கரண்டைக் கம்பியில குடுத்துப் பன்றிக்குப் பதிலாப் பக்கத்து வளவு மனுசன் செத்த வீட்டுக்கு நான் போய் வந்திருக்கிறன், பெட்டிக்குப் பக்கத்தில கம்பி கட்டினவர் நிண்ட நிலை கண்ணுக்க நிக்குது. சட்டப்படியும் குற்றம். சோலாரில விட்டு விட்டு அடிக்கிற எனர்ஜைசர் வேலி வேற, அதைச் செய்யலாம். காசு இல்லாட்டிப் பழைய சீலையளைச் சுத்தவரக் கட்டுங்கோ, ரெண்டு கிழமைக்குப் பன்றி ஆளெண்டு நம்பும், பேந்து இடத்தை மாத்திக் கட்டுங்கோ.

கேள்வி: நான் சாவகச்சேரியில ரீச்சர். அவர் உருத்திரபுரத்தில மூண்டு ஏக்கர் வயல் குத்தகைக்கு எடுத்துக் கிழமையில மூண்டு நாள் மோட்டச்சைக்கிளில போய் வாறார். ரெண்டு போகமும் நட்டம். முழுசா அங்க போவம் எண்டுறார், நான் விடச் சொல்லுறன். ஆர் சரி? (பெயர் வேண்டாம்)

பதில்: ரெண்டு பேரும் பாதி சரி தங்கச்சி. நட்டத்துக்குக் காரணம் வயலோ போய் வாறதோ எண்டு முதல் பிரிச்சுப் பாக்கவேணும். கபிலத்தத்தி எண்ட பூச்சி நெல்லில விழுந்தா மூண்டு நாளில வட்டம் வட்டமா எரிஞ்சமாதிரிப் போகும், அவர் செவ்வாய் பாத்திட்டு வந்து வெள்ளி போனா மருந்தடிக்க ஒண்டும் இருக்காது. வாய்க்காலில எங்கட முறை ராத்திரி ஒரு மணிக்கும் வரும், அந்த நேரம் ஆள் நிக்காட்டி மேல்வயல்காரன் மடையைத் தன்ர பக்கம் திருப்பிப்போட்டுப் படுத்திடுவான், கேட்டா நண்டு உடைச்சதெண்டுவான். (அந்த நண்டுக்கு மண்வெட்டி பிடிக்கவும் தெரியும்.) வயலுக்கு முதலாளி நிக்கிறானோ இல்லையோ எண்டு கூலிக்காரனுக்கும் தெரியும், கொக்குக்கும் தெரியும்.

அதனால அவரை ஒரு போகம் முழுக்க அங்க நிக்க விடுங்கோ, விதைப்பில இருந்து வெட்டு மெசின் இறங்குமட்டும், சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வரட்டும். நீங்கள் வேலையை விடவேண்டாம், இடமாற்றமும் கேக்கவேண்டாம், உங்கட சம்பளம்தான் அந்த வயலுக்கு இன்சூரன்ஸ். ஒரு கொப்பியில உழவு, விதை, உரம், மருந்து, வெட்டுக்கூலி, பெற்றோல் எல்லாம் எழுதச் சொல்லுங்கோ, பெற்றோலை முக்கியமா எழுதச் சொல்லுங்கோ, ஆம்பிளையள் அதைக் கணக்கில சேக்க மாட்டினம்.

குத்தகை வாய்ப்பேச்சோ எழுத்தோ எண்டு நீங்கள் சொல்லேல்லை. 2000ம் ஆண்டு கமநலச் சட்டத்துக்குப் பயந்து, குத்தகைக்காரன்ர பேர் இடாப்பில ஏறினா வயலே போயிடும் எண்டு கன சொந்தக்காரர் எழுதித் தரமாட்டினம். அப்ப கமநல சேவை நிலையத்தில பதிவும் அவையின்ர பேரில, அரசாங்கத்தின்ர உரக்காசும் அவையின்ர பேரில வரும், ஹெக்ரேயருக்கு 25,000 எண்டு குடுத்தது விதைச்சவனுக்குப் போகாமல் கொழும்பில இருக்கிற சொந்தக்காரரின்ர பாங்கில விழுந்த கதை இஞ்ச கனக்க. விதைக்க முதலே அது ஆருக்கெண்டு கதைச்சு முடியுங்கோ, வெட்டின பிறகு கதைச்சா சண்டைதான்.

கேள்வி: வணக்கம் அண்ணே. நான் தலவாக்கலை பக்கம் தோட்டத்துல இருக்கேன், வயசு 26. லயத்துக்குப் பின்னால கொஞ்சம் இடத்துல லீக்ஸ், கேரட், போஞ்சி போடுறோம், எங்களுக்குன்னு சொந்தக் காணி இல்ல. மாமா குடும்பம் 83ல இருந்து தர்மபுரத்துல இருக்காங்க, இங்க வா, காணி இருக்கு, மரக்கறி போடலாம்னு கூப்பிடுறாரு. வரலாமா? (தலவாக்கலை)

பதில்: தம்பி, உங்கட மாமா கூப்பிடுறது புதுசில்லை. 58ல, 77ல, 83ல எண்டு ஒவ்வொரு கலவரத்துக்கும் மலையகத்தில இருந்து சனம் இஞ்ச வந்தது, தர்மபுரம், மலையாளபுரம், ஜெயபுரம் எண்டு காடு வெட்டி ஊர் ஆக்கினது. உண்மையைச் சொல்லவேணும் எண்டா அந்தச் சனத்துக்கு வன்னி முழு நியாயம் செய்யேல்லை. காடு வெட்டினவை அவை, வாய்க்கால் தண்ணி பாயிற வயல் பெரும்பாலும் மற்றவைக்கு, அவைக்கு மேட்டுக்காணி, அதுக்கும் கன காலம் பேப்பர் இல்லை. வெங்காயம் கிண்ட, களை புடுங்க, கச்சான் ஆய எண்டு கூலிக்குப் போய்த்தான் ரெண்டு தலைமுறை ஓடினது. நாங்களும் அவையைத்தான் வேலைக்குக் கூப்பிட்டம், நான் எழுதிறதில எங்கட வீடும் சேத்தி.

அதனால நீங்கள் மாமாவிட்டக் கேக்க வேண்டியது "காணி இருக்கா" எண்டில்லை. ஆர் பேரில இருக்கு, பெர்மிட் இருக்கா, கிணத்தில ஆவணி மாசம் எவ்வளவு தண்ணி நிக்குது, இந்த மூண்டையும் கேளுங்கோ. மாமா கோவிப்பார், பரவாயில்லை.

லீக்ஸை மறந்திடுங்கோ. நுவரெலியாப் பக்கத்துக் குளிரில வளந்த கை உங்களுக்கு, இஞ்ச பங்குனி சித்திரையில மத்தியானம் மண்ணைத் தொட்டா சுடும். ஆனா வாடைக்காலத்தில, கார்த்திகையில இருந்து மாசிமட்டும், கோவா, பீட்றூட், கேரட் யாழ்ப்பாணத்தில போடுறவை, இஞ்சயும் மண் பாத்துப் போடலாம். மற்ற மாசம் கத்தரி, பயித்தை, வெண்டி, பூசணி, மிளகாய். உங்களிட்ட இருக்கிற பெரிய சொத்து நாத்துமேடை போடத் தெரிஞ்சதும், சரிவில மண் போகாமல் பாத்தி கட்டத் தெரிஞ்சதும்தான். இஞ்ச மழை மூண்டு மாசத்தில முழுசாக் கொட்டேக்க மேட்டுக்காணியில மேல்மண் கழுவிக்கொண்டு போறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறம், உங்கட ஆக்கள் அதை மறிக்கிற வேலையைச் சின்ன வயசில இருந்தே பாத்தவை.

சந்தையில கழிவு எண்டு 10 கிலோவுக்கு ஒரு கிலோ வெட்டுற பழக்கம் இருக்கு, அதையும் கணக்கில வையுங்கோ. எல்லாரும் பூசணி போட்ட வருசத்தில பூசணி போடாதேங்கோ. நான் போட்டு, லொறி வரும் வரும் எண்டு சொன்ன வியாபாரி போனை எடுக்காமல் விட்டு, மாட்டுக்கு வெட்டிப் போட்டு மாடே முகத்தைத் திருப்பினது.

வரலாம். ஆனா அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு எல்லாத்தையும் முடிச்சிட்டு வராதேங்கோ, தோட்டத்தில இருக்கிற லயக் காம்பராவையும் விடாதேங்கோ. புரட்டாசியில தனிய வாங்கோ, மாமாவின்ர வளவில அரை ஏக்கர், பாதிப் பங்கு உங்களுக்கு எண்டு எழுத்தில. பங்கு எண்டால் வாங்கோ, நாள் சம்பளம் எண்டால் வரவேண்டாம், அதுக்குத் தலவாக்கலையிலயே நிக்கலாம். வந்த உடன பி.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பிடிச்சு எலிக்காய்ச்சல் குளிசையைக் கேட்டு வாங்குங்கோ, மலேரியா இப்ப இல்லை, 2016லயே நாட்டில இல்லையெண்டு சான்றிதழ் தந்திட்டினம், சேத்தில இருக்கிறது எலிக்காய்ச்சல். இருட்டில ரோச் இல்லாமல் வரம்பில நடக்காதேங்கோ, புடையன் விலத்தாது, நாங்கள்தான் விலத்தவேணும்.

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம். எனக்கு 61 வயசு, அவர் இல்லை. ரெண்டு ஏக்கர் வயலும் 40 தென்னையும், நாலு மாடு. போன மாசம் ராத்திரி யானை வந்து 11 தென்னையைச் சரிச்சிட்டுது. மகன் யாழ்ப்பாணத்தில கடையில நிக்கிறான், எல்லாத்தையும் வித்துப்போட்டு வாங்கோ, கோண்டாவில்ல சின்னக் காணி வாங்கித் தோட்டம் செய்வம் எண்டுறான். என்ன செய்ய? (ஒட்டுசுட்டான் வாசகி)

பதில்: அக்கா, 11 தென்னை எண்டு எண்ணி எழுதியிருக்கிறியள், வாசிக்க எனக்கே வயித்தைப் பிசைஞ்சது. ஒரு தென்னை காய்க்கிறதுக்கு வாளியில தண்ணி சுமந்தது ஆரெண்டு யானைக்குத் தெரியாது.

கணக்கை மட்டும் பாத்தா மகன் சொல்லுறது கஷ்டம். நீங்கள் அங்க வயலையும் வளவையும் வித்து வாற காசுக்குக் கோண்டாவில்ல ரெண்டு பரப்பு வந்தாலே பெரிய காரியம், அதில வீடு போட்டா மிச்சம் கறிவேப்பிலை வைக்கத்தான் காணும். மேல இணுவில் தம்பி அங்க இருந்து இஞ்ச வரக் கேக்கிறார், நீங்கள் இஞ்ச இருந்து அங்க போகக் கேக்கிறியள், ரெண்டு பேரையும் ஒரு பஸ்ஸில ஏத்தினா முறிகண்டியில இறங்கிக் கதைச்சே முடிச்சிடுவியள். ஆனா கணக்கு மட்டும் இல்லை அக்கா, 61 வயசில ராத்திரி தனிய யானை வெடி கொளுத்திறது ஒரு வாழ்க்கையோ எண்டு மகன் கேக்கிறான் எண்டா அந்தப் பிள்ளையின்ர கேள்வியில பிழை இல்லை.

வித்துப்போடாமல் போய்ப் பாக்கலாம். வர்ற காலபோகத்துக்கு வயலைப் பக்கத்து வயல்காரனுக்குக் குத்தகைக்குக் குடுங்கோ, அவருக்குத் தண்ணி முறையும் தெரியும் யானை வாற வழியும் தெரியும். பெர்மிட் காணி எண்டா பிரதேச செயலரின்ர சம்மதம் எடுத்துச் செய்யுங்கோ. நீங்கள் மகனோட ஒரு ஆறு மாசம் இருந்து பாருங்கோ. யாழ்ப்பாணத்தில வெளிக்கிட்ட இடமெல்லாம் மதில், வேலிக்கு மேலால கதைக்க ஆள் இல்லாமல் மூண்டாம் மாசமே திரும்பி வந்த ஆக்களையும் தெரியும், பேரப்பிள்ளையோட ஒட்டிக்கொண்டு அங்கயே நிண்டவையையும் தெரியும், நீங்கள் எந்தப் பக்கமெண்டு இருந்து பாத்தால்தான் தெரியும்.

யானை அழிச்சதை ஜி.எஸ்.ஸிட்ட (கிராம சேவையாளர்) எழுத்தில குடுத்தனீங்களோ? போட்டோ எடுத்து வைச்சிருக்கிறியளோ? வயலுக்குள்ளயும் இறங்கியிருந்தா கமநல சேவை நிலையத்துக்கும் போங்கோ, நெல்லுக்கான காப்புறுதியில வெள்ளம், வறட்சியோட யானை அழிவும் சேத்தி, கன பேர் கேக்காமலே விட்டிடுகினம். சோலார் வேலிக்கு உங்கட ஒரு வளவுக்கு மட்டும் கேட்டா ஆரும் திரும்பிப் பாக்கமாட்டினம், சுத்தவர உள்ள வீட்டுக்காரர் எல்லாரும் கையெழுத்து வைச்சு அமைப்பால கேளுங்கோ.

நான் வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாறனான், அப்ப உங்கட வளவுக்கும் ஒரு எட்டு வந்து பாக்கிறன், விலாசத்தை இதே நம்பருக்கு அனுப்புங்கோ. அதுவரைக்கும் மாட்டை மட்டும் வித்துப்போடாதேங்கோ, இப்ப கேக்கிறவன் உங்கட அந்தரம் தெரிஞ்சு அரை விலைக்குத்தான் கேப்பான்.